கோடிகள் வருவதற்கு முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தொலைக்காட்சி வினாடி வினா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பரிசுத்தொகை கோடியைத் தொட்ட பிறகுதான் இந்த நிகழ்ச்சிகளுக்கு உயிர் வந்தது, அதற்கு முந்தியவை எல்லாம் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாப் போட்டி மாதிரி சப்பென்று இருந்தன என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கோடீஸ்வரன் நிகழ்ச்சியின் தாய்வீடு பிரிட்டன் என்று ஒரு வரி போட்டவர், அந்தத் தாய்வீட்டில் அதற்கு முன்னால் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எட்டிப் பார்க்கவே இல்லை. 1981 முதல் 1993 வரை நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் குடியிருந்தவள். அந்த நிகழ்ச்சிகளைச் சாயங்காலம் தவறாமல் பார்த்தவள். அவர் எழுதியதற்கு நேர் எதிராகத்தான் எனக்குப் படுகிறது. பரிசு சின்னதாக இருந்ததால்தான் அந்த விளையாட்டுகள் அவ்வளவு நன்றாக இருந்தன. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

என் வீட்டுக்காரர் நூற்பு எந்திரப் பொறியாளர். கோவையிலிருந்து யார்க்‌ஷயருக்கு வேலை மாற்றிக்கொண்டு போவது அந்தக் காலத்தில் அப்படி ஒன்றும் விநோதமில்லை. இங்கே ஆலைகளில் ஓடிய எந்திரங்கள் பலவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். லீட்ஸில் ஹேர்ஹில்ஸ் என்ற பகுதியில், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய செங்கல் வீட்டு வரிசையில் எங்களுக்கு ஒரு வீடு. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த மூதாட்டி, ஹட்சன் ரோட்டில் இருந்த பர்ட்டன் தையல் ஆலையில் ஆயுள் முழுக்கக் கோட்டு தைத்தவர். ஒரு காலத்தில் 10,000 பேர் வேலை பார்த்த ஆலை அது. நாங்கள் போன வருடம் அங்கே உற்பத்தி நின்றுபோனது. 1982 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலை இல்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் தெருவிலேயே பகல் நேரத்தில் வீட்டில் இருந்த ஆண்கள் அத்தனை பேர். நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களும் அவற்றில் கலந்துகொண்டவர்களும் இந்த மாதிரி மனிதர்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவேண்டும்.

1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் ஃபோர் தொடங்கியது. அதுவரைக்கும் பிபிசி ஒன்று, பிபிசி இரண்டு, விளம்பர வருமானத்தில் நடந்த ஐடிவி என்று மூன்றே அலைவரிசைகள். நாலாவது பிறந்த அன்று மாலை அதில் முதன்முதலாக வந்ததே ஒரு விளையாட்டு நிகழ்ச்சிதான். பெயர் ‘கவுன்ட்டவுன்’. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஏற்கெனவே வெகுகாலமாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டை எடுத்து, எங்கள் ஊர் யார்க்‌ஷயர் டெலிவிஷன் தயாரித்தது. கிர்க்ஸ்டால் ரோட்டில் அவர்கள் ஸ்டூடியோ. பஸ்ஸில் போகும்போது தினமும் பார்க்கிற கட்டடம். நடத்துபவர் ரிச்சர்ட் வைட்லி. அவர் ஏற்கெனவே எங்கள் வட்டாரச் செய்தி நிகழ்ச்சியான ‘கேலண்டர்’ மூலம் வீட்டு மனிதர் மாதிரி பழக்கமானவர். கண்ணைப் பறிக்கும் கோட்டு, அதைவிடப் பறிக்கும் டை, சிலேடை. செய்தி நிகழ்ச்சியில் ஒரு மரநாய் அவர் விரலைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்கிய காட்சி 1977இல் நடந்தது. நான் போன பிறகும் ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டு மிகவும் எளிது. ஒன்பது எழுத்துகளை எடுத்து வைப்பார்கள். 30 வினாடிக்குள் அவற்றிலிருந்து முடிந்தவரை நீளமான சொல்லை உருவாக்கவேண்டும். அரைவட்டம் சுற்றும் பெரிய கடிகாரம், அதற்கு ஒரு இசை. ஆலன் ஹாக்‌ஷா போட்டது, அவர் லீட்ஸில் பிறந்தவர். பிரிட்டனில் அந்த 30 வினாடி இசையை முணுமுணுக்கத் தெரியாதவர் அரிது. சொல் சரிதானா என்று பார்க்க ஒரு மூலையில் அகராதியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அகராதி சொன்னால் முடிந்தது, மேல்முறையீடு கிடையாது.

அப்புறம் எண் சுற்று. மொத்தம் 24 அட்டைகள் கவிழ்த்து வைத்திருப்பார்கள். 25, 50, 75, 100 ஆகிய நான்கும் பெரிய எண்கள். மற்றவை 1 முதல் 10 வரை, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. அவற்றில் ஆறு அட்டையைப் போட்டியாளர் எடுக்கவேண்டும். செசில் என்று செல்லமாக அழைத்த ஒரு எந்திரம் மூன்று இலக்கத்தில் ஒரு இலக்கு எண்ணைக் காட்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், இவ்வளவுதான் ஆயுதம். ஒரு எண்ணை ஒருமுறைக்கு மேல் தொடக்கூடாது. 30 வினாடி.

இந்தச் சுற்றில் போட்டியாளர்களுக்குக் கிட்டாத விடையைப் பலகையில் எழுதிக் காட்டியவர் ஒரு இளம்பெண். கரோல் வோர்டர்மன். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், அந்தத் தொடர் தொடங்கியபோது வயது 21. கணக்கில் கெட்டிக்காரப் பெண் தேவை என்று செய்தித்தாளில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அவருடைய அம்மாதான் மகள் சார்பில் விண்ணப்பம் போட்டாராம்.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நானும் கணிதம் படித்தவள். கோவையில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், நல்ல வகுப்பில் தேறினேன். கல்யாணம், குளிர் நடுக்கும் ஒரு ஊர், பிள்ளை என்று ஆன பிறகு அந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பதற்கு மேல் எனக்குக் கணக்கு தேவைப்படவும் இல்லை. அப்படி இருந்தபோது, தினமும் மாலை நாலரை, நாலே முக்கால் வாக்கில், ஒரு பெண் தொலைக்காட்சியில் வந்து நின்று, யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற முகம் இல்லாமல், பேனாவை எடுத்துக் கடகடவென்று கணக்குப் போட்டாள். அன்றைய மற்ற நிகழ்ச்சிகளில் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டிச் சிரித்தார்கள். அதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. பழைய நிகழ்ச்சிகளைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கரோலைப் பார்த்தபோது எனக்குள் என்ன நடந்தது என்பதை அன்றைக்கு யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கு எழுத்துச் சுற்று, எனக்கு எண் சுற்று. அவர் வீட்டில் கேஸ் கணப்பு எரியும், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பதினாலு வயதில் பள்ளியை விட்டுத் தையல் ஆலைக்குப் போனவர் அவர். ஆனால் சொல் வளம் இருக்கிறதே, அகராதி மூலையில் இருப்பவரே தடுமாறும் சொல்லைத் துணி மடிப்பிலிருந்து எடுப்பது மாதிரி எடுத்துப் போடுவார். ‘இந்த எண் உனக்கு வந்ததா?’ என்று கேட்டு, நான் நோட்டைக் காட்டினால், சரிபார்க்காமலே தலையை ஆட்டுவார். எனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் நட்பு அது. வானிலையைத் தவிர வேறு எதைப் பேசுவது என்று தெரியாத இரண்டு பேருக்கு இடையில் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து வைத்தது அந்த நிகழ்ச்சி.

ஸ்டூடியோவுக்கே ஒருமுறை அவரோடு போயிருக்கிறேன். கடிதம் போட்டால் இலவசமாக அனுமதிச் சீட்டு அனுப்புவார்கள். பார்வையாளர்களில் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள், மதிய உணவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரே நாளில் பல நாளுக்கான நிகழ்ச்சிகளை எடுத்துவிடுவார்கள். ஒன்று முடிந்ததும் வைட்லி உள்ளே போய் வேறு கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வந்து, அரைமணி முன்னால் வென்றவரை ‘நேற்று வென்றவர்’ என்று அறிமுகப்படுத்துவார். நாங்களும் நேற்றுப் பார்த்தவர்கள் மாதிரியே கை தட்டினோம்.

சரி, இத்தனைக்கும் பரிசு என்ன? அன்றாடம் வெல்பவருக்குச் சில சின்னப் பொருள்கள். பின்னாளில் நிகழ்ச்சியின் பெயர் போட்ட ஒரு டீப்பாட், கடிகாரம் வரைந்தது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது, வென்றுதான் எடுக்கவேண்டும். தொடர் முழுவதையும் வென்றவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முழுத் தொகுதி. பணம் கிடையாது. அந்த டீப்பாட்டுக்காக டாக்டர்களும் பஸ் ஓட்டுநர்களும் பள்ளிப் பிள்ளைகளும் லீட்ஸுக்கு ரயில் ஏறி வந்தார்கள்.

இது யாரோ கஞ்சத்தனமாக நடத்திய நிகழ்ச்சி என்று கட்டுரையாளர் நினைக்கலாம். அதில்தான் அவர் தவறவிட்ட செய்தி இருக்கிறது. 1955இல் ஐடிவி தொடங்கிய முதல் வாரத்திலேயே பணப்பரிசு நிகழ்ச்சிகள் வந்துவிட்டன. மைக்கேல் மைல்ஸ் நடத்திய ‘டேக் யுவர் பிக்’, ஹியூஈ கிரீன் நடத்திய ‘டபிள் யுவர் மணி’ இரண்டும் அப்போதே தொடங்கியவை. கூட்டம் அள்ளியது. 1962இல், ஒளிபரப்பை ஆராய அரசு அமைத்த பில்கிங்டன் குழு கொடுத்த அறிக்கை வணிகத் தொலைக்காட்சியின் தரத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகு வணிகத் தொலைக்காட்சியை மேற்பார்த்த ஒளிபரப்பு ஆணையம் பரிசுகளின் மதிப்புக்கு உச்சவரம்பு வைத்துக் கண்காணித்தது. பிபிசியோ மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. அந்தப் பணத்தில் ஒருவருக்கு வீடும் காரும் தூக்கிக்கொடுத்தால் ஊர் சும்மா விடுமா? ஆக, இரண்டு பக்கமும் பெரிய பரிசுக்கு வழியில்லை. பரிசைக் காட்டி ஆளை இழுக்க முடியாது என்றால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? விளையாட்டைச் செதுக்கவேண்டும். விதிகளைக் கூர்மையாக்கவேண்டும். கலந்துகொள்கிறவர்களைப் பார்க்கத் தகுந்தவர்களாகக் காட்டவேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்த சரக்குதான் நான் சொல்பவை எல்லாம்.

‘மாஸ்டர்மைண்ட்’ நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் பிபிசியில் தொடங்கியது. உருவாக்கியவர் பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கியவர். அங்கே தன்னை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்ட விசாரணையைத்தான் விளையாட்டாக மாற்றினார். இருட்டு, ஒரு கறுப்பு நாற்காலி, அதன் மேல் மட்டும் வெளிச்சம். அடிவயிற்றைப் பிசையும் அந்தத் தொடக்க இசை. தாமே தேர்ந்தெடுத்த துறையில் இரண்டு நிமிடம், பொது அறிவில் இரண்டு நிமிடம். கேள்விகளைக் கேட்டவர் மேக்னஸ் மேக்னஸன், ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ஐஸ்லாந்துக்காரர். கேள்வியின் நடுவில் மணி அடித்துவிட்டால், தொடங்கிவிட்டேன், முடித்தே விடுகிறேன் என்பார். அந்த வாக்கியம் பிரிட்டிஷ் மக்களின் அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. நடத்துமிடங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மண்டபங்கள்.

அதில் 1980இல் வென்றவர் ஃபிரெட் ஹவ்ஸ்கோ, லண்டனில் டாக்ஸி ஓட்டியவர். 1983இல் வென்றவர் கிறிஸ்டோபர் ஹியூஸ், லண்டன் பாதாள ரயில் ஓட்டுநர். கையில் கொடுத்தது ஒரு கண்ணாடிக் கிண்ணம், கேத்னஸ் கண்ணாடியில் செய்தது. அடுத்த நாள் காலையில் எங்கள் தெருவில் பால் போடுகிறவரிலிருந்து தபால்காரர் வரைக்கும் அந்த ரயில் ஓட்டுநரைப் பற்றியே பேசினார்கள். ஏதோ அவர்கள் எல்லோரும் சேர்ந்து வென்ற மாதிரி ஒரு நிமிர்வு. அந்த ஆண்டு பிரிட்டனில் ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் எந்த நிலையில் இருந்தன என்று தெரிந்தவர்களுக்கு அந்த நிமிர்வின் அருமை புரியும். பத்து லட்சம் பவுண்டு பரிசாக இருந்திருந்தால் அவர் பணத்தை என்ன செய்வார் என்றுதான் பேசியிருப்பார்கள். கிண்ணம் என்பதால் அவர் என்ன படித்தார், எப்போது படித்தார் என்று பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ‘புல்ஸ்ஐ’. 1981 முதல் 1995 வரை ஐடிவியில் ஓடியது. அம்பெறியும் விளையாட்டான டார்ட்ஸையும் வினாடி வினாவையும் ஒன்றாகப் பிசைந்தது. இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் எறிவார், மற்றவர் பதில் சொல்வார். நடத்தியவர் ஜிம் போவன், லங்காஷயரில் பள்ளித் துணைத் தலைமையாசிரியராக இருந்து மேடைக்கு வந்தவர். மதுக்கடை மூலையில் டார்ட்ஸ் ஆடுகிற சுமை தூக்கி, வெல்டர், வேலை போனவர் என்று வந்து நிற்பார்கள். அவர்களிடம் அவர் பேசுகிற விதம் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். நடுவில் தொழில்முறை வீரர் ஒருவர் வந்து ஒன்பது அம்பு எறிவார். எத்தனை புள்ளியோ அத்தனை பவுண்டு தர்ம காரியத்துக்கு. 301 அல்லது அதற்கு மேல் எடுத்தால் இரட்டிப்பு. கடைசியில் ஜோடி ஒரு முடிவெடுக்கவேண்டும். இதுவரை கிடைத்த பொருள்களோடு வீட்டுக்குப் போவதா, அல்லது அதைப் பணயம் வைத்து ஆறு அம்பில் 101 எடுத்துத் திரைக்குப் பின்னால் இருக்கும் பெரிய பரிசுக்கு முயல்வதா? தோற்றாலும் திரையைத் திறந்து, நீங்கள் வென்றிருக்கக்கூடியதைப் பாருங்கள் என்று காட்டுவார்கள். கடலே இல்லாத ஊர்க்காரருக்கு அங்கே ஒரு மோட்டார் படகு நிற்கும். தோற்றவர்களுக்கு ‘பஸ் கட்டணம்’ என்று கொஞ்சம் பணம் உண்டு. படகு கைநழுவிப் போன பிறகு அந்த மனிதர் பக்கத்தில் நின்ற கூட்டாளியின் தோளில் கை போடுவார் பாருங்கள், அதற்காகவே என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வேறு எங்கும் கிளம்பமாட்டார்.

பிள்ளைகளுக்கு ‘பிளாக்பஸ்டர்ஸ்’. 1983இல் ஐடிவியில் தொடங்கியது. கல்லூரிக்குப் போகும் முன் வகுப்பில் இருக்கும் 16, 17, 18 வயதுப் பிள்ளைகள்தான் ஆடுவார்கள். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் விடையைச் சொன்னால் கட்டம் உங்கள் நிறத்துக்கு மாறும். ஒரு பக்கம் ஒருவர், மறு பக்கம் இருவர். இருவராக ஆடுகிறவர்கள் குறைந்தது ஐந்து கட்டம் கடக்கவேண்டும், தனியாள் நான்கு கடந்தால் போதும். ஒருவருக்கு எதிராக இருவர் என்பதை எவ்வளவு அழகாகச் சமன் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! ஒரு விடைக்கு ஐந்து பவுண்டு. நடத்திய பாப் ஹோல்னஸ் அந்தப் பிள்ளைகளிடம் காட்டிய மரியாதையை இன்றைக்கும் எந்த நிகழ்ச்சியிலும் நான் பார்க்கவில்லை. பதில் தெரியாத பிள்ளையைக் கேலி செய்து கைதட்டல் வாங்கியதே கிடையாது. பிள்ளைகள் மேசையில் தங்கள் பொம்மைகளை வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடியும்போது எல்லோரும் சேர்ந்து கையசைவு நடனம் ஒன்று ஆடுவார்கள். என் மகன் பள்ளியிலிருந்து ஓடிவந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அதை ஆடியது எனக்கு நினைவிருக்கிறது.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. டெட் ராஜர்ஸ் நடத்திய ‘த்ரீ டூ ஒன்’ எனக்குப் பிடிக்கவே இல்லை. அதுவும் யார்க்‌ஷயர் டெலிவிஷன் தயாரிப்புதான். விடுகதை போல ஒரு பாட்டு படிப்பார்கள், அதிலிருந்து பரிசு எது என்று ஊகிக்கவேண்டும். அந்த விடுகதைகளை எழுதியவரைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. தப்பாக ஊகித்தால் பரிசாக ஒரு குப்பைத்தொட்டி. நியாயமாக ஆடினால் வெல்ல வழி இருக்கவேண்டும், அது இல்லாதது விளையாட்டே இல்லை. ‘பிளாங்கெட்டி பிளாங்க்’ வேறு மாதிரி. டெர்ரி வோகன், பிறகு லெஸ் டாசன். தோற்றவர்களுக்கு ஒரு காசோலைப் புத்தக உறையும் பேனாவும். அதை மக்கள் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள். ‘ஜெனரேஷன் கேம்’ நான் போனபோது கடைசிக் கட்டத்தில் இருந்தது. பொருள்கள் ஒரு பட்டையில் வரிசையாக நகர்ந்து போகும், நினைவில் நின்றதை எல்லாம் சொன்னால் அவை உங்களுக்கு. அதைவிட எனக்குப் பிடித்தது, குயவரோ ரொட்டி சுடுகிறவரோ வந்து தன் வேலையைச் செய்து காட்ட, அப்பாவும் மகளுமாக வந்தவர்கள் அதே மாதிரி செய்ய முயல்வது. கைத்தொழிலை இவ்வளவு கௌரவமாகத் தொலைக்காட்சியில் காட்டி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா தெரியவில்லை. கவுன்ட்டவுன் லீட்ஸிலிருந்து வந்தது. விமானச் சோதனைக் கருவியும் ராணுவத் தடை ஓட்டமும் மூளைப் பயிற்சியும் கலந்த ‘கிரிப்டன் ஃபேக்டர்’ மான்செஸ்டரின் கிரானடாவிலிருந்து. ‘சேல் ஆஃப் தி செஞ்சுரி’ நாரிச்சிலிருந்து. தம்பதிகளை வைத்து நடத்திய ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ்’ ஸ்காட்லாந்து எல்லையோரம் கார்லைலிலிருந்து. புல்ஸ்ஐ, பிளாக்பஸ்டர்ஸ் இரண்டும் நடு இங்கிலாந்திலிருந்து. ஐடிவி அன்றைக்கு வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்த கம்பெனிகளின் கூட்டு. ஒவ்வொரு ஊரும் தன் பேச்சையும் தன் மனிதர்களையும் நாட்டுக்குக் காட்டியது. லண்டன் ஒன்றுதான் இங்கிலாந்து என்று நினைத்துப் போன எனக்கு, மற்ற இங்கிலாந்தைக் காட்டியவை இவைதான்.

1990களில் பரிசு உச்சவரம்பு தளர்ந்தது. 1998 செப்டம்பர் 4ஆம் தேதி கிறிஸ் டாரன்ட் நடத்திய ‘ஹூ வான்ட்ஸ் டு பீ எ மில்லியனர்’ வந்தது. 15 கேள்வி, பத்து லட்சம் பவுண்டு. அதுவும் கெட்டிக்காரத்தனமாகச் செதுக்கிய நிகழ்ச்சிதான், நான் குறை சொல்லமாட்டேன். 2000இல் அமிதாப் பச்சன் மூலம் இந்திக்கும், சரத்குமார் மூலம் சன் டிவியில் ‘கோடீஸ்வரன்’ என்று தமிழுக்கும் வந்தது. 2012இல் சூர்யா நடத்தினார். நானும் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் போட்டியாளரின் கடனும் அம்மாவின் ஆப்பரேஷனும் வந்துகொண்டே இருக்கும். பதில் தப்பானால் அந்தக் குடும்பமே அழும். பார்க்கிற நமக்கு விடை தெரிந்திருந்தாலும் சந்தோஷப்பட முடியாது. கவுன்ட்டவுனில் தோற்றவர் சிரித்துக்கொண்டே ரயிலேறிப் போவார், ஏனென்றால் அவர் வாழ்க்கை அந்த மேசையில் பணயம் வைக்கப்படவில்லை. கட்டுரையாளர் உயிர் வந்தது என்கிறாரே, வந்தது பதைபதைப்பு. அது வேறு.

பணமில்லாமல் நடத்தினால் இந்தியாவில் யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். பார்த்தார்களே! 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ நிகழ்ச்சியில் என்ன கோடியா கொடுத்தார்கள்? கல்லூரிப் பிள்ளைகள் ஆடினார்கள், நாடே உட்கார்ந்து பார்த்தது. லீட்ஸில் இருந்த எனக்கு அதை என் தம்பி கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதுவான். 1998இல் மாஸ்டர்மைண்டின் இந்திய வடிவத்தையும் பாசுவே நடத்தினார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 1960களிலும் 70களிலும் வீடியோ நாடா விலை அதிகம் என்பதால், ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். நாடகத்தையே காப்பாற்றாதவர்கள் வினாடி வினாவையா காப்பாற்றப் போகிறார்கள்? பல ஆண்டு நிகழ்ச்சிகள் அப்படியே போய்விட்டன. மிஞ்சியவற்றைப் பிற்காலத்தில் ‘சேலஞ்ச்’ என்ற அலைவரிசை மறு ஒளிபரப்பு செய்தது, சிலதை இன்று இணையத்தில் பார்க்கலாம். அதில் 1997ஆம் ஆண்டுக் கவுன்ட்டவுன் துண்டு ஒன்றைக் கட்டுரையாளர் அவசியம் பார்க்கவேண்டும். எண்கள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. போட்டியாளர் நிதானமாகச் சொல்கிறார்: 100உடன் 6ஐக் கூட்டினால் 106. அதை 3ஆல் பெருக்கினால் 318. அதை 75ஆல் பெருக்கினால் 23,850. அதில் 50 போனால் 23,800. 25ஆல் வகுத்தால் 952. சொல்லச் சொல்லக் கரோல் எழுதிக்கொண்டே வருகிறார், பெருக்கல் ஆயிரங்களில் போகும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. அரங்கம் வெடிக்கிறது. அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் ஒரு பைசாகூட இல்லை.

1993இல் கோவைக்குத் திரும்பி வந்ததும், பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்த நோட்டுப் புத்தகம்தான் எனக்குத் துணை. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த அட்டைகளிலிருந்து ஆறை எடுக்கச் சொல்வேன். எட்டாம் வகுப்பில் கணக்கு வராது என்று பின் பெஞ்சில் உட்காரவைத்த பெண்கள்தான் முதலில் கை தூக்குவார்கள். பரிசு, கரும்பலகையில் அவர்கள் பெயர். 2005இல் ரிச்சர்ட் வைட்லி காலமானார் என்று செய்தி பார்த்த அன்றைக்கும் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். கரோல் 2008இல் விலகினார். அவர் இடத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்த ரேச்சல் ரைலி வந்தார். நிகழ்ச்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, பரிசு இன்றும் டீப்பாட்தான்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் மலரில் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, வாரம் ஒரு எண் விளையாட்டு போடுங்கள். ஆறு எண், ஒரு இலக்கு. கணக்குகளை நான் எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம். சரியாக அனுப்புகிற பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் அச்சிடுங்கள், அது போதும். முதல் கணக்கை இத்துடனே வைக்கிறேன்.

எண்கள்: 75, 50, 8, 7, 3, 2. இலக்கு: 812. ஆறு எண்ணையும் பயன்படுத்தியே வரும். முதலில் 812ஐ எது மீதியில்லாமல் வகுக்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பீளமேடு, கோயம்புத்தூர்.